போர்க்காலத்தில் ஒரு கல்லூரி அணி: 1943 நோட்டர் டேம் சீசன் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் ஆர்வம் வந்து பழைய பதிவேடுகளைப் புரட்டும் எவரும் 1943ஆம் ஆண்டில் குழம்பி நிற்பார்கள். கடற்படைப் பயிற்சி முகாம்கள் பல்கலைக்கழகங்களோடு மோதியிருக்கும். முந்தைய ஆண்டு வேறு கல்லூரிக்கு ஆடியவர் இந்த ஆண்டு எதிரணியில் இருப்பார். நாட்டின் மிகச் சிறந்த வீரர் என்று பெயர் வாங்கியவர் சீசன் முடியும்போது மைதானத்திலேயே இல்லை. அந்த ஆண்டின் சாம்பியனான நோட்டர் டேம் பல்கலைக்கழக அணியை வைத்து இந்தக் குழப்பத்தைத் தெளிவுபடுத்தவே இந்தப் பக்கம்.

இது நாம் பார்க்கும் கால்பந்தா?

இல்லை. இது முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் ஆடும் அமெரிக்கன் ஃபுட்பால். அணிக்குப் பதினொரு பேர். பந்தோடு எதிரணியின் எல்லைக் கோட்டைத் தாண்டினால் டச்டவுன், அதற்கு 6 புள்ளிகள். அதன்பின் கோல் கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைத்தால் கூடுதலாக 1 புள்ளி. இந்த ஒற்றைப் புள்ளி கீழே ஒரு முக்கியமான இடத்தில் வரும். ஆட்டத்தை நடத்துபவர் குவார்ட்டர்பேக். பந்து முதலில் அவர் கைக்கு வரும். அதை எறிவதா, ஓடுபவர் கையில் கொடுப்பதா என்பது அவர் பொறுப்பு.

1943ல் கல்லூரி ஆட்டங்கள் எப்படி நடந்தன? மாணவர்கள் போருக்குப் போய்விடவில்லையா?

போய்விட்டார்கள். அலபாமா, டென்னசி, ஸ்டான்ஃபோர்டு போன்ற பெரிய பெயர்களே அந்த ஆண்டு அணியை இறக்கவில்லை. தென்பகுதியில் ஆட்டத்தைக் கோயில் திருவிழாபோல் கொண்டாடும் ஊர்களில்கூட மைதானங்கள் பூட்டிக் கிடந்தன. பதினெட்டு வயதானவர்களையும் கட்டாயமாகப் படைக்கு எடுக்கலாம் என்று 1942 இறுதியில் சட்டம் வந்த பிறகு, வழக்கமான கல்லூரி மாணவர் என்ற இனமே சுருங்கிவிட்டது. மிச்சமிருந்தவர்கள் மருத்துவச் சோதனையில் தேறாதவர்கள், வயது நிரம்பாதவர்கள், ராணுவச் சீருடையிலேயே கல்லூரியில் படித்தவர்கள்.

இந்தக் கடைசிப் பிரிவினரைப் புரிந்துகொண்டால்தான் 1943 புரியும்.

சீருடையில் படித்தவர்கள் என்றால் யார்?

போருக்கு அதிகாரிகள் வேண்டும், அதிகாரிகளுக்குக் கணிதமும் பொறியியலும் தெரிந்திருக்க வேண்டும். அதனால் தரைப்படை, கடற்படை இரண்டுமே இளைஞர்களைச் சேர்த்து, கல்லூரிகளுக்கு அனுப்பிப் படிக்கவைத்தன. கடற்படையின் திட்டத்துக்கு வி-12 என்று பெயர். 1943 ஜூலை 1 அன்று தொடங்கி 131 கல்லூரிகளில் நடந்தது. மரைன் படைக்கான இளைஞர்களும் இதிலேயே படித்தார்கள். போர் முடிவதற்குள் ஏறக்குறைய 1,25,000 பேர் இதன்வழி வந்தார்கள். தரைப்படை ஏ.எஸ்.டி.பி. என்ற பெயரில் தன் சொந்தத் திட்டத்தை வேறு கல்லூரிகளில் நடத்தியது.

இரண்டுக்கும் ஒரு வித்தியாசம் இருந்தது. கடற்படை தன் மாணவர்களைக் கல்லூரி அணியில் ஆட விட்டது. தரைப்படை விடவில்லை. படிப்புக் காலம் குறுகியது, ஆட்டத்துக்கும் பயணத்துக்கும் நேரமில்லை என்பது தரைப்படை சொன்ன காரணம். கடற்படையில் வேறு கருத்து ஓங்கியிருந்தது. விமானிகளின் உடற்பயிற்சித் திட்டத்தை வகுத்த டாம் ஹாமில்டன் போன்ற அதிகாரிகள், மோதலும் வேகமான முடிவும் கூட்டு ஒழுங்கும் நிறைந்த ஃபுட்பால் போருக்கான பயிற்சியே என்று வாதாடி வென்றிருந்தார்கள்.

ஒரு நிர்வாகக் கோப்பில் இருந்த இந்த வேறுபாடு ஒரே கோடையில் நாட்டின் ஃபுட்பால் வரைபடத்தையே புரட்டிப் போட்டது. 1942ல் தேசிய சாம்பியனான ஓஹையோ ஸ்டேட் தரைப்படைத் திட்டத்தை ஏற்றிருந்தது. அடுத்த ஆண்டு அதன் பயிற்சியாளர் பால் பிரவுன் கையில் பதினேழு, பதினெட்டு வயதுப் பிள்ளைகள்தான் இருந்தார்கள். 3 வெற்றி, 6 தோல்வி. அவர் ஒரே ஆண்டில் ஆட்டத்தை மறந்துவிடவில்லை. அவருடைய கல்லூரியின் வாசலில் எந்தப் படையின் பலகை தொங்கியது என்பதே எல்லாவற்றையும் முடிவு செய்துவிட்டது.

வி-12 மாணவர்களுக்கு ஆடுவதற்கு நேரம் எப்படிக் கிடைத்தது?

நேரம் யாரும் கொடுக்கவில்லை, அவர்களே பிய்த்து எடுத்துக்கொண்டார்கள். விடியற்காலையில் எழுப்பிவிடுவார்கள். வாரத்துக்கு 17 பாட அலகுகள், அதற்கு மேல் ஒன்பதரை மணி நேர உடற்பயிற்சி, அணிவகுப்பு. ஆண்டு முழுவதும் நான்கு நான்கு மாதமாக மூன்று பருவங்கள், கோடை விடுமுறை கிடையாது. பாடத்தில் தவறினால் சாதாரணக் கடற்படை வீரனாகக் கப்பலுக்கு அனுப்பிவிடுவார்கள். இத்தனைக்கும் பிறகு மாலையில் ஃபுட்பால் பயிற்சி. அந்தக் காலத்து வீரர்களைப் பற்றி "படையிலிருந்து தப்பி ஆடிக்கொண்டிருந்தவர்கள்" என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். அவர்கள் படையில்தான் இருந்தார்கள்.

முந்தைய ஆண்டு எதிரணியில் ஆடியவர் இந்த ஆண்டு உங்கள் அணியில் என்பது எப்படி?

கடற்படை யாரை எங்கே அனுப்புகிறதோ அங்கே போக வேண்டும். அனுப்பப்பட்ட கல்லூரியில் அணி இருந்தால் அதற்கு ஆடலாம். கல்லூரி மாறினால் ஓராண்டு காத்திருக்க வேண்டும் என்ற வழக்கமான விதியெல்லாம் போர்க்காலத்தில் ஓரம்கட்டப்பட்டது.

விஸ்கான்சினைப் பாருங்கள். 1942ல் அது அற்புதமான அணி. அந்த ஆண்டின் சாம்பியன் ஓஹையோ ஸ்டேட்டை வீழ்த்திய ஒரே அணி அதுதான். நோட்டர் டேமோடு 7-7 என்று சமநிலை. பந்தை எடுத்தால் பிடிக்க முடியாத எல்ராய் ஹெர்ஷ் அதில் இருந்தார். 1943ல் ஹெர்ஷை மரைன் படை மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பியது. விஸ்கான்சின் அந்த ஆண்டு ஒரே ஓர் ஆட்டத்தில்தான் வென்றது, ஒன்பதில் தோற்றது. நோட்டர் டேமிடம் 50-0.

மிச்சிகனுக்கு ஹெர்ஷ் மட்டும் வரவில்லை. மின்னசோட்டாவின் பில் டேலியும் அங்கேதான் வந்து சேர்ந்தார். இண்டியானாவில் உள்ள பர்டூ பல்கலைக்கழகத்தின் கதை இன்னும் வியப்பானது. இல்லினாய்ஸ் அணியின் முதுகெலும்பாக இருந்த அலெக்ஸ் அகசி, டோனி பட்கோவிச் உள்ளிட்டவர்கள் மரைன் மாணவர்களாகப் பர்டூவுக்கு வந்தார்கள். பர்டூ அந்த ஆண்டு ஆடிய ஒன்பதிலும் வென்றது. அதில் ஒன்று இல்லினாய்ஸோடு, 40-21. பட்கோவிச் தன் பழைய கல்லூரிக்கு எதிராகவே ஓடி டச்டவுன் எடுத்தார். முந்தைய இலையுதிர்காலத்தில் ஒரே அறையில் உடை மாற்றியவர்களை எதிரே வைத்து ஆடுவது அந்த இளைஞர்களுக்கு எப்படி இருந்திருக்கும்!

நோட்டர் டேமுக்கு யார் கிடைத்தார்கள்?

இண்டியானா மாநிலம் சவுத் பெண்டில் இருக்கும் இந்தக் கத்தோலிக்கப் பல்கலைக்கழகம் கடற்படையின் வி-12 மையங்களில் ஒன்று. இல்லினாய்ஸிலிருந்து ஜூலி ரைகோவிச், மின்னசோட்டாவிலிருந்து விக் குல்பிட்ஸ்கி என்று புதியவர்கள் வந்தார்கள். ஆனால் அணியின் உயிர் சொந்தப் பிள்ளைகளிடம்தான் இருந்தது.

முதலில் பயிற்சியாளர் ஃபிராங்க் லேஹி. இந்தக் கல்லூரியிலேயே ஆடி, 1941ல் பயிற்சியாளராகத் திரும்பி வந்தவர். 1942ல், பழம்பெரும் பயிற்சியாளர் நூட் ராக்னி காலத்திலிருந்து கல்லூரி போற்றிவந்த ஆட்ட முறையைத் தூக்கிப் போட்டுவிட்டு, 'டி' வடிவ முறையைக் கொண்டுவந்தார். இதில் குவார்ட்டர்பேக் நடுவில் உள்ளவரின் முதுகுக்குப் பின்னாலேயே நின்று பந்தை நேரே கையில் வாங்குவார். பழைய மாணவர்கள் கொதித்தார்கள். தெய்வத்தின் முன்னால் விளக்கை அணைத்தது மாதிரிப் பேசினார்கள். லேஹி அசையவில்லை.

அந்த முறைக்காக அவர் தேர்ந்தெடுத்தவர் மாசச்சூசெட்ஸிலிருந்து வந்த ஏஞ்சலோ பெர்டெல்லி. வேகமாக ஓடத் தெரியாதவர். எறிந்தால் பந்து சொன்ன இடத்துக்குப் போகும். பந்தைக் கையில் கொடுத்தால் பறப்பவர் கிரைட்டன் மில்லர். உயர் ரத்த அழுத்தத்தால் படை ஏற்காதவர். அந்த ஆண்டு நாட்டிலேயே அதிகமாக, 911 யார்டு, ஓடியவர் அவர்தான். கேப்டன் பேட் ஃபில்லி, ஜிம் வைட், ஜான் யோனக்கர் ஆகியோர் முன்வரிசையில். மாற்று ஆளாக, பென்சில்வேனியாவிலிருந்து வந்த 18 வயது ஜானி லூஜாக்.

சீசன் எப்படித் தொடங்கியது?

வெள்ளம் போல. செப்டம்பர் 25 அன்று பிட்ஸ்பர்க்கை 41-0, அடுத்த வாரம் ஜார்ஜியா டெக்கை 55-13.

அக்டோபர் 9 அன்று மிச்சிகன். அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் நிருபர்களிடம் வாக்கு வாங்கி வெளியிடும் தரவரிசை 1936ல் தொடங்கியது. முதலிடமும் இரண்டாமிடமும் நேருக்கு நேர் மோதிய முதல் ஆட்டம் இதுதான். முந்தைய ஆண்டு மிச்சிகன் சவுத் பெண்டுக்கே வந்து 32-20 என்று அடித்துவிட்டுப் போயிருந்தது. இப்போது ஹெர்ஷும் டேலியும் வேறு சேர்ந்திருந்தார்கள். பெட்ரோலும் டயரும் ரேஷனில் இருந்த காலத்தில் ஆன் ஆர்பர் மைதானத்தில் 85,000க்கு மேல் கூட்டம்.

நோட்டர் டேம் 35-12 என்று வென்றது. மில்லர் பத்தே ஓட்டத்தில் 159 யார்டு எடுத்தார். அதில் ஒன்று 66 யார்டு தனியோட்டம். பெர்டெல்லியின் எறிதல்கள் எதிரணியின் பின்வரிசையைக் கிழித்தன. மைதானக் கடிகாரம் பழுதாகி மூன்றாவது கால்பகுதி 15 நிமிடத்துக்குப் பதில் 23 நிமிடம் ஓடியதும், அதைச் சரிக்கட்ட கடைசிப் பகுதியை 7 நிமிடத்தில் முடித்ததும் அந்த ஆட்டத்தின் வினோதம்.

பிறகு விஸ்கான்சின் 50-0, இல்லினாய்ஸ் 47-0, கிளீவ்லண்டில் கடற்படைக் கல்லூரி 33-6. ஆறு ஆட்டத்தில் 261 புள்ளிகள், கொடுத்தது 31. இந்த ஆறு ஆட்டங்களில் பெர்டெல்லி எறிந்தது மொத்தமே 36 முறை. 25 போய்ச் சேர்ந்தன, அவற்றில் 10 டச்டவுன். கொஞ்சமாக எறிந்து இவ்வளவு சேதம் விளைவித்தவர்கள் குறைவு.

அப்படிப்பட்டவர் ஏன் சீசன் நடுவில் போனார்?

வி-12 பருவம் நான்கு மாதம் என்று சொன்னேன் அல்லவா? ஜூலை 1ல் தொடங்கியது அக்டோபர் கடைசியில் முடிந்தது. முடிந்தவர்கள் அடுத்த கட்டப் பயிற்சிக்குப் போக வேண்டும். பெர்டெல்லி மரைன் மாணவர். கடற்படைக் கல்லூரியுடனான ஆட்டம் அக்டோபர் 30. அதோடு சரி. அடுத்து தென் கரோலினாவில் உள்ள பாரிஸ் ஐலண்ட் மரைன் முகாம். இன்னும் நான்கு வாரம் பொறுங்கள் என்று கேட்பதற்கு எந்தப் பயிற்சியாளருக்கும் உரிமை இல்லை, போரின் நாள்காட்டியில் ஃபுட்பால் அட்டவணை எழுதப்படவில்லை.

பர்டூவின் பட்கோவிச்சும் இதே தேதியில்தான் பறிபோனார். நவம்பர் பிறந்ததும் நாடெங்கும் அணிகளின் முகம் மாறிப்போனது. செப்டம்பரில் ஓர் அணி, நவம்பரில் அதே பெயரில் வேறோர் அணி. 1943ன் முடிவுகளைப் படிக்கும்போது இதை நினைவில் வைக்காவிட்டால் பல ஆட்டங்கள் புரியவே புரியா.

பெர்டெல்லி போன பிறகு என்ன ஆனது?

அடுத்த சனிக்கிழமை, நவம்பர் 6, நியூயார்க் யாங்கி ஸ்டேடியம். எதிரில் வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரி. (தரைப்படை தன் ஏ.எஸ்.டி.பி. மாணவர்களுக்குத்தான் தடை போட்டது, தன் சொந்தக் கல்லூரி அணியை நிறுத்தவில்லை.) அதுவரை ஒரு தோல்விகூட இல்லாத அணி. இந்தப் பக்கம் பதினெட்டு வயது லூஜாக்கிடம் பொறுப்பு.

லூஜாக் இரண்டு டச்டவுனுக்கு எறிந்தார், ஒன்றைத் தானே தூக்கிக்கொண்டு ஓடினார். தடுப்பாட்டத்தில் எதிரணி எறிந்த பந்தையும் இடைமறித்துப் பிடித்தார். 26-0. அடுத்த வாரம் நார்த்வெஸ்டர்னை 25-6.

ஆனாலும் வித்தியாசம் தெரிந்தது. முதல் ஆறு ஆட்டத்தில் சராசரி 43 புள்ளிகளுக்கு மேல். கடைசி நான்கில் இருபதைத் தொடவில்லை. எதிரணிகள் வலுத்தது ஒரு காரணம், பெர்டெல்லி இல்லாதது இன்னொன்று.

"சீஹாக்ஸ்" என்று ஓர் அணி இரண்டாமிடத்தில் இருக்கிறதே, அது எந்தக் கல்லூரி?

கல்லூரியே இல்லை. அயோவா சிட்டியில் கடற்படை விமானிகளுக்கு முதற்கட்டப் பயிற்சி தரும் பள்ளி. இங்கே வந்தவர்களில் பல கல்லூரி நட்சத்திரங்கள், பணம் வாங்கி ஆடிய தொழில்முறை வீரர்களும் உண்டு. பயிற்சியாளர் மிசூரியின் டான் ஃபரோ. வளர்ந்த ஆண்கள், பக்குவப்பட்ட ஆட்டக்காரர்கள்.

நவம்பர் 20 அன்று சவுத் பெண்டில் முதலிடமும் இரண்டாமிடமும் மீண்டும் மோதின, அதே சீசனில் இரண்டாவது முறை. இரு அணிகளும் இரண்டிரண்டு டச்டவுன். நோட்டர் டேமின் கூடுதல் உதைகள் இரண்டும் உள்ளே. சீஹாக்ஸின் ஓர் உதை கோல் கம்பத்தில் பட்டுத் தெறித்தது. 14-13. பதின்வயது குவார்ட்டர்பேக்கை வைத்துக்கொண்டு, பின்தங்கிய நிலையிலிருந்து மீண்டு வென்ற இந்த ஆட்டத்தைத்தான் நான் அந்த சீசனின் உச்சம் என்பேன். மிச்சிகன் ஆட்டம் பார்க்க அழகு, இது நெஞ்சுரம்.

தோற்ற ஒரே ஆட்டம்?

நவம்பர் 27, சிகாகோவுக்கு வடக்கே ஏரிக்கரையில் உள்ள கிரேட் லேக்ஸ் கடற்படைப் பயிற்சித் தளத்தில். சுற்றிலும் கூட்டமாகக் கடற்படைப் பயிற்சி வீரர்கள். அந்த அணியின் பயிற்சியாளர் டோனி ஹிங்கிள். முந்தைய ஆண்டு நோட்டர் டேமில் முதலாண்டு மாணவராக இருந்த எமில் சிட்கோ இப்போது மாலுமியாக எதிரணியில்.

ஆட்டம் முடியும் தறுவாயில் நோட்டர் டேம் நீண்ட முன்னேற்றம் ஒன்றை நடத்தி 14-12 என்று முந்தியது. தேசிய சாம்பியன், ஒரு தோல்வியும் இல்லை என்று எழுத நிருபர்கள் தயாராக இருந்திருப்பார்கள். 33 விநாடி மிச்சமிருக்கையில் ஸ்டீவ் லாக் பந்தை நீளமாக எறிந்தார், பால் ஆண்டர்சன் பிடித்து ஓடினார். 46 யார்டு. 19-14.

தோற்ற பிறகும் முதலிடம் கொடுத்தது சரியா? ஒன்பதிலும் வென்ற பர்டூவுக்கு ஐந்தாமிடமாமே!

பர்டூ ஆதரவாளர்களின் மனக்குறை எனக்குப் புரிகிறது. ஒரு தோல்வியும் இல்லாத அணியை ஐந்தாமிடத்தில் வைத்தது கஞ்சத்தனம்தான். ஆனால் முதலிடம் நோட்டர் டேமுக்கு என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. இறுதிப் பட்டியலில் இரண்டாமிடம் அயோவா சீஹாக்ஸ், மூன்றாமிடம் மிச்சிகன், நான்காமிடம் கடற்படைக் கல்லூரி, ஒன்பதாமிடம் நார்த்வெஸ்டர்ன். நான்கு பேரையும் நோட்டர் டேம் தோற்கடித்திருந்தது. தோற்ற கிரேட் லேக்ஸும் ஆறாமிடத்தில் இருந்த அணி. அப்படியொரு அட்டவணையை வேறு எவரும் ஆடவில்லை. மொத்தக் கணக்கு 340-69.

அதே பட்டியலை இன்னொரு கண்ணால் பாருங்கள். முதல் பத்தில் ஏழாமிடம் டியூக், எட்டாமிடம் டெல் மான்டே கடற்படை விமானிப் பள்ளி, பத்தாமிடம் கலிஃபோர்னியாவின் மார்ச் ஃபீல்டு விமானப்படைத் தளம். இந்தப் பத்தில் மார்ச் ஃபீல்டு தவிர ஒன்பதும் ஏதோவொரு வகையில் கடற்படையின் ஆட்களால் ஆடியவை. அந்த ஆண்டு நாட்டின் உண்மையான ஆட்டக்காரர் தேர்வாளர் கடற்படைதான். நோட்டர் டேமின் பட்டத்தை நான் மதிக்கிறேன். ஆனால் லேஹியின் திறமையால் மட்டும் அது வந்தது என்று எழுதும் கல்லூரிப் பெருமைக் கட்டுரைகளை ஏற்க மாட்டேன். கடற்படை தந்தது, கடற்படை எடுத்தது. இடையில் கிடைத்த வாரங்களை லேஹியும் பிள்ளைகளும் பிரமாதமாகப் பயன்படுத்தினார்கள்.

ஆறே ஆட்டம் ஆடியவருக்கு ஹைஸ்மன் விருதா?

ஆம். கல்லூரி ஃபுட்பாலின் மிகச் சிறந்த வீரருக்குரிய விருது அது. 1943ல் பெர்டெல்லிக்குக் கிடைத்தபோது அவர் பாரிஸ் ஐலண்டில் மரைன் பயிற்சியில் இருந்தார். நோட்டர் டேமுக்கு வந்த முதல் ஹைஸ்மன் அதுதான். பத்து ஆட்டத்தில் ஆறுதான் என்று குறை சொல்பவர்கள் உண்டு. கிரைட்டன் மில்லர் முழு சீசனும் ஆடி, நாட்டிலேயே அதிகம் ஓடியும் நான்காமிடம்தான் பெற்றார் என்பது உண்மை. எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் மில்லருக்குத் தந்திருக்கலாம் என்று நானும் நினைப்பதுண்டு. ஆனால் ஆடிய ஆறிலும் பெர்டெல்லியை எவராலும் தடுக்க முடியவில்லை. ஆடாத நான்கு அவருடைய விருப்பத்தால் விட்டவை அல்ல.

ரசிகர்கள் எப்படி வந்தார்கள்? பயணத்துக்குக் கட்டுப்பாடு இல்லையா?

இருந்தது. ரயில்கள் படைவீரர்களுக்கு, பெட்ரோல் ரேஷனுக்கு. பெரும்பாலோர் வானொலியில் கேட்டார்கள். இதன் உச்சம் தரைப்படை, கடற்படைக் கல்லூரிகளின் வருடாந்திர ஆட்டம். 1943ல் அது வெஸ்ட் பாயின்ட்டிலேயே நடந்தது. அக்கம்பக்கத்தில் இருப்பவர்களுக்கு மட்டுமே அனுமதி. கடற்படை மாணவர்கள் பயணம் செய்து வர முடியாது. அவர்களுக்காகக் கூச்சலிட ஆள் வேண்டுமே! தரைப்படை மாணவர்களில் ஒரு பாதியையே கடற்படைக்கு ஆதரவாகக் கத்தச் சொல்லி உத்தரவு போட்டார்கள். கடற்படை 13-0 என்று வென்றது.

புத்தாண்டில் நடக்கும் ரோஸ் பவுல் ஆட்டத்திலும் இதே நிலை. வழக்கமாக நாட்டின் இரு கோடிகளிலிருந்து அணிகள் வரும். 1944 ஜனவரி 1 அன்று மேற்குக் கரையின் இரண்டு அணிகளே மோதின. தெற்கு கலிஃபோர்னியா வாஷிங்டனை 29-0 என்று வென்றது.

நோட்டர் டேம் ஏன் புத்தாண்டு ஆட்டம் எதிலும் ஆடவில்லை?

போருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 1925 ரோஸ் பவுலுக்குப் பிறகு 1969 வரை அத்தகைய ஆட்டங்களுக்குப் போவதில்லை என்பது கல்லூரியின் கொள்கை.

அணியில் கறுப்பின வீரர்கள் இருந்தார்களா?

இல்லை. அணியில் மட்டுமல்ல, வகுப்பறையிலும் இல்லை. நாட்டுக்காகச் சாகலாம், கூட உட்கார்ந்து படிக்கக் கூடாது என்ற காலம் அது. அந்தக் கதவையும் ஓரளவு திறந்தது இதே வி-12தான். அந்தத் திட்டத்தில் கறுப்பின இளைஞர்களுக்கும் இடம் இருந்தது. 1944ல் அதன் வழியாக நோட்டர் டேமுக்கு வந்த ஃபிரேசியர் தாம்சன் 1947ல் பட்டம் பெற்றார், அந்தப் பல்கலைக்கழகத்தின் முதல் கறுப்பினப் பட்டதாரி. லாஸ் ஏஞ்சலிஸில் வி-12 படித்த சாமுவேல் கிரேவ்லி பிற்காலத்தில் அமெரிக்கக் கடற்படையின் முதல் கறுப்பின அட்மிரல் ஆனார். ஃபுட்பால் பற்றி மட்டும் எழுதுபவர்கள் இதை விட்டுவிடுகிறார்கள். விடக்கூடாது.

போருக்குப் போனவர்கள் திரும்பி வந்தார்களா?

எல்லோரும் இல்லை.

பெர்டெல்லி பசிபிக்கில் குவாம், இவோ ஜிமா இரண்டிலும் இருந்தார், காயப்பட்டுத் திரும்பினார். 1928ல் நோட்டர் டேமுக்கு ஆடிய ஜாக் செவிக்னி மரைன் அதிகாரியாக இவோ ஜிமாவில் 1945 பிப்ரவரியில் இறந்தார்.

பர்டூவின் டோனி பட்கோவிச் 1945 ஏப்ரலில் ஒகினாவாவில் கொல்லப்பட்டார். நோட்டர் டேமோடு 7-7 என்று நின்ற 1942 விஸ்கான்சின் அணியின் நட்சத்திரம் டேவ் ஷ்ரைனரும் அதே தீவில், அதே ஆண்டு ஜூனில். சீசன் தொடங்குவதற்கு முன்பே, 1943 ஜூனில், 1939ன் ஹைஸ்மன் வீரர் நைல் கின்னிக் பயிற்சிப் பறப்பில் விமானத்தோடு வெனிசுவேலா அருகே கடலில் விழுந்து மறைந்திருந்தார். 1943ல் ஆடிய ஒவ்வொரு பையனுக்கும் அந்தச் செய்தி தெரியும்.

பர்டூவுக்கு ஆடிய அலெக்ஸ் அகசி போரில் காயமடைந்து, மீண்டு, 1946ல் மறுபடி இல்லினாய்ஸுக்கே ஆடினார். ரைகோவிச்சும் அப்படியே பழைய கல்லூரிக்குத் திரும்பினார். பட்கோவிச்சின் பெயர் பர்டூவின் சாதனைப் பக்கத்தில் இருக்கிறது. அவர் வளர்ந்த அணி இல்லினாய்ஸ் என்பதையும் சேர்த்துச் சொல்வதே அவருக்குச் செய்யும் மரியாதை.

அடுத்த ஆண்டு நோட்டர் டேம் என்ன ஆனது?

லேஹியே கடற்படையில் சேர்ந்துவிட்டார். லூஜாக்கும் கடற்படைக்குப் போய், ஆங்கிலக் கால்வாயில் நீர்மூழ்கி வேட்டைக் கப்பலில் பணியாற்றினார். 1944ல் எட் மக்கீவர் அணியை நடத்தினார். முந்தைய ஆண்டு 26-0 என்று தோற்ற வெஸ்ட் பாயின்ட், இப்போது நாட்டின் சிறந்த ஆட்டக்காரர்களைச் சேர்த்துக்கொண்டு 59-0 என்று பழிதீர்த்தது.

1946ல் லேஹி, லூஜாக் இருவரும் திரும்பினார்கள். கிரேட் லேக்ஸில் எதிரே நின்ற எமில் சிட்கோவும் அவர்களோடு வந்து சேர்ந்தார். அடுத்த நான்கு ஆண்டுகள் நோட்டர் டேம் ஓர் ஆட்டத்திலும் தோற்கவில்லை. லூஜாக் 1947ன் ஹைஸ்மன் பெற்றார். 98 வயது வரை வாழ்ந்து 2023ல் காலமானார்.

நோட்டர் டேம் இன்றும் ஆண்டுதோறும் கடற்படைக் கல்லூரியோடு ஆடுவது இதனால்தானா?

அந்தத் தொடர் 1927லேயே தொடங்கியது. எனவே போரால் பிறந்தது என்று சொல்ல முடியாது. ஆனால் விடாமல் தொடர்வதற்குப் போர்க்காலமே காரணம். மாணவர்கள் இல்லாமல் பல்கலைக்கழகம் தள்ளாடியபோது கடற்படை தன் பயிற்சி மாணவர்களை அங்கே அனுப்பி, கட்டணம் செலுத்தி அதைத் தாங்கியது. அந்த நன்றிக்காக, கடற்படை விரும்பும்வரை ஆடுவோம் என்பது நோட்டர் டேமின் நிலை. 1964 முதல் 2006 வரை தொடர்ந்து 43 முறை நோட்டர் டேமே வென்றது. ஆட்டச் சுவைக்காக மட்டும் நடந்திருந்தால் அந்தத் தொடரை எப்போதோ கைவிட்டிருப்பார்கள். 1927க்குப் பிறகு அது தடைப்பட்டது ஒரே ஆண்டுதான்: 2020, கொரோனாவால்.